சிற்பம் இரண்டாம் நிலை வகுப்பு: அச்சுக்காகச் சேரலாம், கல்லுக்காக வேண்டாம்

கல்லூரி ஸ்டுடியோவில் நடக்கும் சிற்பம் இரண்டாம் நிலை வகுப்பை ஒரு பருவம் முழுக்க முடித்துவிட்டு எழுதுகிறேன். சேரலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். அச்சு எடுக்கவும் வார்க்கவும் கற்றுக்கொள்ள ஆசையிருந்தால் யோசிக்காமல் சேருங்கள். கல் செதுக்குவதுதான் கனவு என்றால் இந்த வகுப்பு ஏமாற்றும். வெல்டிங், மெழுகு, மரம், ரெசின் எல்லாம் இடையில் வந்து போகும், சில நன்றாக, சில வெறும் பெயரளவுக்கு. கல்லூரியின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி எந்தக் கல்லூரியில் இந்த வகுப்பை எடுத்தாலும் சேரும் முன் கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயம்தான்.

முதல் நிலையை முடித்தவர்களுக்குத் தெரியும், அங்கே களிமண்ணில் ஒரு தலை, ஒரு கை, ஒரு புடைப்புச் சிற்பம், அட்டையிலும் கம்பியிலும் ஒன்றிரண்டு பயிற்சி, அவ்வளவுதான். கண்ணுக்குத்தான் அங்கே வேலை. பக்கவாட்டில் பார், கீழிருந்து பார், சுற்றி வந்து பார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாம் நிலையில் கண் தேறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு நேராகப் பொருளுக்குப் போய்விடுகிறார்கள். களிமண்ணில் செய்ததை பிளாஸ்டருக்கு மாற்று, பிளாஸ்டரிலிருந்து மெழுகுக்கு மாற்று, மெழுகிலிருந்து உலோகத்துக்கு மாற்று. "இதில் கலை எங்கே இருக்கிறது" என்று கூட இருந்தவர்கள் முதல் சில வாரங்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்தக் குறை வரவில்லை. எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் அது அச்சிலிருந்து எப்படி வெளியே வரப்போகிறது என்று நோட்டில் வரைந்து காட்ட வேண்டும் என்பது வகுப்பின் விதி. படம் சரியில்லையென்றால் களிமண் மூட்டையைத் தொட விடமாட்டார் ஆசிரியர். இப்படி முடிவிலிருந்து தொடக்கத்துக்கு யோசிக்கும் பழக்கம் வந்தது பாருங்கள், அது ஒன்றுக்கே கட்டிய பணம் தகும்.

முதல் பெரிய வேலை ஆளுயரத்தில் பாதி அளவுக்கு ஒரு நிற்கும் உருவம். களிமண் தன் எடையைத் தானே தாங்காது என்பதால் உள்ளே ஓர் எலும்புக்கூடு வேண்டும், ஆர்மேச்சர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கனமான பலகையில் இரும்புக் குழாயைப் பதித்து, அதிலிருந்து இடுப்புக்கு ஒரு தாங்கி, அலுமினியக் கம்பியை முறுக்கிக் கையும் காலும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது பட்டாம்பூச்சி என்று அவர்கள் சொல்லும் சின்னச் சமாச்சாரம்: இரண்டு மரச் சிம்புகளைக் கூட்டல் குறி போலக் கட்டி, கம்பியில் தொங்கவிட்டு, மார்புக்கூட்டுக்குள்ளும் தலைக்குள்ளும் புதைத்துவிட வேண்டும். ஈரக் களிமண் வழுக்கிக் கீழே இறங்காமல் அது பிடித்துக்கொள்ளும். இதை யாரும் சொல்லாவிட்டால் காலையில் வந்து பார்க்கும்போது உருவத்தின் மோவாய் நெஞ்சில் கிடக்கும், காரணமும் புரியாது.

ஆர்மேச்சரை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் திணறினார்கள். இடுப்பு எலும்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று முடிவு செய்யாமல் கம்பியை நேராக நட்டுவிட்டால், பிறகு உருவம் ஒரு காலில் எடையைப் போட்டு நிற்க வேண்டும் என்று தோன்றும்போது கம்பி தோல் வழியே எட்டிப் பார்க்கும். வெட்டி ஒட்ட முடியாது, பிரித்துவிட்டு மறுபடி கட்ட வேண்டியதுதான். இந்த இடத்தில் ஆசிரியர் யாருக்கும் உதவிக்கு வரவில்லை, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கோபம் வந்தது, இப்போது சரிதான் என்று படுகிறது.

சூளையில் சுடப்போகிற சிற்பம் என்றால் இந்தக் கதையே வேறு. களிமண் காயும்போது சுருங்கும், உள்ளே இரும்பு சுருங்காது, எனவே வெடிப்பு விழும். அதனால் சுடுவதற்கான வேலையை ஆர்மேச்சர் இல்லாமல் உள்ளீடற்றதாகக் கட்ட வேண்டும், அல்லது கெட்டியாகச் செய்துவிட்டுத் தோல் பதத்துக்குக் காய்ந்ததும் இரண்டாக அறுத்து, உள்ளே குடைந்து, விளிம்புகளைக் கீறி, களிமண் கூழ் தடவி மறுபடி ஒட்ட வேண்டும். இரண்டு முறையையும் செய்து பார்க்க வைத்தார்கள். ஒரு மாணவியின் மார்பளவுச் சிற்பம் சூளையில் சிதறியது. எல்லோரும் காற்றுக் குமிழி என்றார்கள். சிதறிய துண்டைக் கையில் எடுத்து ஆசிரியர் காட்டினார்: தோள்பட்டையில் மூன்று விரல் கனம், நடுவில் இன்னும் ஈரம் இருந்திருக்கிறது. 100 டிகிரி தாண்டியதும் அந்த ஈரம் நீராவியாகிறது, வெளியே போக வழி இல்லையென்றால் தானே வழி செய்துகொள்ளும். குமிழி இருந்தாலும் நன்றாகக் காய்ந்த மண் தப்பிக்கும், ஈரமான கனத்த மண் தப்பிக்காது. அப்புறம் 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும், எனவே சூளையை அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. இந்த எண்ணை இனி மறக்க மாட்டேன். சூளை பற்றி இன்னும் ஒரு வாரம் கொடுத்திருக்கலாம்.

சரி, பிளாஸ்டருக்கு வருவோம். வகுப்பின் உயிரே இங்கேதான்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எல்லோருக்கும் தெரிந்த பொருள், ஆனால் ஒழுங்காகக் கலக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரிக்குச் சூடாக்கினால் அதற்குள் இருக்கும் தண்ணீரில் முக்கால் பங்கு போய்விடும், அந்தப் பொடிதான் நமக்கு வருவது. தண்ணீர் பட்டதும் இழந்ததைத் திரும்பப் பிடித்துக்கொண்டு ஊசி ஊசியாகப் படிகமாகி ஒன்றையொன்று கவ்விக்கொள்கிறது. எனவே அது காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. இதை ஒருமுறை புரிந்துகொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தானாக வந்துவிடும். பொடியைத்தான் தண்ணீரில் தூவ வேண்டும், பொடியின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கைநிறைய எடுத்து விரலிடுக்கில் சல்லடை மாதிரி தூவிக்கொண்டே போனால் முதலில் எல்லாம் மூழ்கும், பிறகு மேலே சின்னச் சின்னத் திட்டுகள் தெரியும், அந்தத் திட்டுகள் நனைந்து முழுகாமல் நிற்கும்போது நிறுத்த வேண்டும். எடை பார்த்துக் கலப்பவர்களுக்கு 100 பங்கு பொடிக்கு 70 பங்கு தண்ணீர் என்பது ஒரு பொதுக் கணக்கு. தூவி முடித்ததும் கை வைக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் ஊற விட்டு, பிறகு கையைப் பாத்திரத்தின் அடியில் வைத்து, மேற்பரப்பு கலங்காமல், காற்று புகாமல் மெல்ல அசைக்க வேண்டும். அந்த அசைவில்தான் கட்டிகள் விரலில் தட்டுப்படும். பாலாக இருந்தது மோராகி, தயிராகி, பிறகு கையில் விட்ட கோடு மறையாமல் நிற்கும். முதல் பூச்சுக்கு ஒரு பதம், இரண்டாம் பூச்சுக்கு ஒரு பதம். தயிர்ப் பதத்தைத் தாண்டியதைத் தண்ணீர் ஊற்றி மீட்கப் பார்க்கிறவர்களை ஆசிரியர் முறைப்பார். படிகம் கவ்வ ஆரம்பித்த பிறகு தண்ணீர் விட்டால் இறுகினாலும் வலு இருக்காது, நகத்தால் சுரண்டினாலே உதிரும்.

இறுகும்போது சூடு வரும். அதைச் சும்மா ஆர்வத்துக்காகச் சொல்லவில்லை. 2007-ல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி ஓவிய வகுப்பில் ஒரு மாணவி கையின் அச்சு எடுக்க வாளி பிளாஸ்டருக்குள் இரண்டு கைகளையும் விட்டு, எடுக்க முடியாமல் போய், விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தார். கனமான பிளாஸ்டர் கட்டி 60 டிகிரி வரை எளிதில் போகும். எங்கள் வகுப்பில் இதைப் பிளாஸ்டர் மூட்டையைத் திறக்கும் முன்பே சொன்னார்கள், அதற்கு முழு மதிப்பெண். இன்னொன்று, மிச்சப் பிளாஸ்டரைத் தொட்டியில் கழுவி ஊற்றினால் குழாய்க்குள் அது அழகாக வார்ப்பாகிவிடும். வாளியில் கைகழுவி, அடியில் படிந்ததைக் குப்பையில் போட வேண்டும். இதை எழுதி ஒட்டியிருந்தும் பருவத்தின் நடுவில் தொட்டி அடைத்துக்கொண்டது.

கழிவு அச்சு என்று ஒரு முறை. களிமண் உருவத்தின் மேல் முதல் பூச்சு பிளாஸ்டரில் கொஞ்சம் நீலம் கலந்து மெல்லியதாக அடிக்க வேண்டும். அதன் மேல் வெள்ளைப் பிளாஸ்டர் கனமாக. களிமண்ணை உள்ளேயிருந்து தோண்டி எடுத்துவிட்டு, அச்சைக் கழுவி, சோப்புத் தடவி, உள்ளே நல்ல பிளாஸ்டரை ஊற்றி வார்த்துவிட்டு, மழுங்கிய உளியால் வெளி அச்சைத் தட்டித் தட்டி உடைக்க வேண்டும். வெள்ளையை உடைக்கும் வரை தாராளமாக அடிக்கலாம். உளி நுனியில் நீலம் தெரிந்த நொடியில் கை தானாக மெதுவாகும், அடுத்த மயிரிழையில் உங்கள் சிற்பத்தின் மூக்கு இருக்கிறது. நீலத்தை ஓட்டோடு பெயர்த்தால் அடியில் வெள்ளையாக இமையின் மடிப்பு, களிமண்ணில் நீங்கள் விட்டுப்போன விரல்ரேகை, எல்லாம் அப்படியே இருக்கும். அச்சு ஒரே ஒரு தடவைக்குத்தான், அதனால்தான் கழிவு அச்சு. இவ்வளவு மலிவான பொருளில் இவ்வளவு துல்லியம் கிடைக்கும் வேறு வேலை எனக்குத் தெரியாது. சிலிகான் வந்த பிறகும் இதைப் பாடத்திலிருந்து எடுக்காமல் வைத்திருப்பதற்கு நன்றி.

துண்டு அச்சு இதைவிடத் தலைவலி. காதுக்குப் பின்னால், மோவாய்க்கு அடியில், அக்குளில், இறுகிய அச்சை நேராக இழுத்தால் மாட்டிக்கொள்ளும் இடங்கள் எல்லாவற்றையும் முதலிலேயே கண்டுபிடித்து, அச்சை எத்தனைத் துண்டாக, எந்த வரிசையில் கழற்றுவது என்று கோடு போட வேண்டும். கோட்டில் மெல்லிய தகரத் துண்டுகளை வேலி போலக் குத்தி வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் பூசி, துண்டுகள் சரியாகப் பொருந்தக் குழியும் முட்டும் வைத்து, இடையில் எண்ணெயோ சோப்போ தடவி... ஒரு தலைக்கே நாள் போய்விடும். ஆனால் நோட்டில் வரைந்து காட்டு என்று ஏன் உயிரை வாங்கினார் என்பது இந்த வாரத்தில்தான் எல்லோருக்கும் புரிந்தது.

சிலிகான் ரப்பர் அதற்குப் பிறகு வந்ததும் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. வளையும், எனவே காதுமடலில் மாட்டிக்கொண்டாலும் உரித்துவிடலாம். மேலே பிளாஸ்டரிலோ ஃபைபர் கிளாஸிலோ ஒரு கெட்டி ஓடு செய்துகொண்டால் வடிவம் நசுங்காது, அதே அச்சில் எத்தனையோ வார்ப்புகள் எடுக்கலாம். ஆனால் விலையும் அதற்கேற்ற மாதிரி. இங்கேதான் எனக்குக் கல்லூரி மேல் உண்மையான வருத்தம். வாங்கிவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் "எண்ணெய்க் களிமண்" என்று மட்டும் போட்டிருந்தார்கள். எண்ணெய்க் களிமண்ணில் கந்தகம் கலந்தது, கலக்காதது என்று இரண்டு உண்டு. பிளாட்டினத்தால் இறுகும் சிலிகானுக்குக் கந்தகம் ஆகவே ஆகாது, பட்ட இடத்தில் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். லேடக்ஸ் கையுறை போட்டுக் கலக்கினாலும் அதே தொல்லை வரலாம். தகரத்தால் இறுகும் வகைக்கு இந்தக் கந்தகப் பிரச்சினை இல்லை, ஆனால் அது நாளடைவில் சுருங்கும், ஆயுளும் குறைவு. வகுப்பில் பாதிப் பேர் கந்தகக் களிமண் வாங்கி வந்து, வாரக்கணக்கில் முகம் செதுக்கி, விலையுயர்ந்த சிலிகானை ஊற்றிய பிறகு உரித்துப் பார்த்தால் கன்னத்தில் பசை. பட்டியலில் ஒரு வார்த்தை கூட எழுதியிருந்தால் போதும். கேட்டதற்கு "இப்போது கற்றுக்கொண்டீர்களே" என்று பதில். ஒரு ஓரத்தில் கொஞ்சம் தடவிச் சோதித்துப் பார்க்கும் வழக்கத்தை முதலிலேயே சொல்லிக்கொடுத்திருந்தால் அதையும் கற்றுக்கொண்டுதான் இருப்போம்.

உடலிலிருந்து நேராக அச்சு எடுக்க ஆல்ஜினேட். பல் மருத்துவர் பல் அளவு எடுக்கப் பயன்படுத்தும் அதே வகைப் பொருள்தான். சில நிமிடங்களில் இறுகும், தோலை ஒன்றும் செய்யாது, ஆனால் காய்ந்தால் சுருங்கிவிடும் என்பதால் உடனே பிளாஸ்டர் ஊற்றியாக வேண்டும். கையின் வார்ப்பில் நரம்பும் நகக்கண்ணும் வரும்போது பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கையைச் செதுக்கிய கையோடு பக்கத்தில் வைத்தால் ஏனோ செத்துக் கிடக்கிறது. இதைப் பற்றிய வாதம் இன்று நேற்றையது அல்ல. 1877-ல் பிரெஞ்சுச் சிற்பி ரோடின் ‘வெண்கல யுகம்’ சிற்பத்தைக் காட்சிக்கு வைத்தபோது, உயிருள்ள ஆளின் மேல் அச்சு எடுத்து ஏமாற்றிவிட்டார் என்று குற்றம் சாட்டினார்கள். மாடலாக நின்ற சிப்பாயின் புகைப்படங்களைக் காட்டி அவர் வாதாட வேண்டியிருந்தது. அடுத்து அவர் உருவங்களை ஆளுயரத்தைவிடப் பெரிதாகச் செய்யத் தொடங்கினார், அந்தக் குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. வகுப்பில் இதைப் பேசிய அன்று நேரம் போனதே தெரியவில்லை.

வெண்கலத்துக்கு வருகிறேன். வகுப்பு அறிமுகக் குறிப்பில் "வெண்கல வார்ப்பு" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் சேருகிறார்கள். உண்மை நிலவரம் இதுதான்: மெழுகு வேலை முழுக்க நீங்கள் செய்யலாம், உலோகம் ஊற்றும்போது கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கலாம். உருகிய உலோகம் இருக்கும் மூசையைத் தூக்குவது மேல் வகுப்பு மாணவர்களும் பட்டறைப் பொறுப்பாளரும்தான். பாதுகாப்பு காரணம் புரிகிறது, ஆனால் குறிப்பில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

மெழுகு வாரங்கள் அருமை என்பதையும் மறைக்கக் கூடாது. சிலிகான் அச்சுக்குள் உருகிய மெழுகை ஊற்றிச் சுழற்றி, மிச்சத்தைத் திரும்பக் கொட்டி, மறுபடி ஊற்றி, சுமார் 5 மில்லிமீட்டர் கனத்துக்கு ஓடு போல எடுக்க வேண்டும். கனம் ஒரே சீராக இல்லாவிட்டால் உலோகம் ஆறும்போது கனமான இடம் கடைசியில் இறுகி, அங்கே குழி விழும். பிறகு உலோகம் இறங்க வழி, காற்று வெளியேற வழி என்று மெழுகுக் குச்சிகளை ஒட்ட வேண்டும். எது மேலே, எது கீழே, உலோகம் எங்கே முதலில் போய்ச் சேரும், எங்கே காற்று மாட்டிக்கொள்ளும் என்று தலைகீழாக வைத்து யோசிக்கும் வேலை. எவ்வளவு வெண்கலம் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: குச்சிகளோடு சேர்த்து மெழுகை எடை போட்டுப் பத்தால் பெருக்கினால் போதும். மெழுகு உருகிப்போன இடத்தில்தான் உலோகம் இறங்கும், அதைத் தாங்கும் வெளி ஓடு செய்வதற்கு மெழுகைச் சிலிக்கா கரைசலில் முக்கி மணல் தூவி, காய விட்டு, திரும்ப முக்கி, இப்படிப் பல அடுக்கு. அந்த ஓட்டை மெதுவாகச் சூடாக்கக் கூடாது என்பது எனக்குப் புதிய செய்தி. மெழுகு உருகும் முன் விரியும், மெதுவாகச் சூடாக்கினால் ஓட்டைப் பிளந்துவிடும். நன்றாகச் சூடேறிய உலையில் திடீரென்று வைத்தால் ஓட்டை ஒட்டிய மெழுகு முதலில் உருகி வழிந்து, உள்ளே இருப்பது விரிய இடம் விடும்.

மொஹெஞ்சதாரோவின் நடனப் பெண், பத்தரை சென்டிமீட்டர் உயரம்தான், இதே மெழுகு முறையில் வந்தவள். சோழர் கால நடராசர் சிலைகளும் அப்படியே, ஆனால் அவை உள்ளே கெட்டி, ஒவ்வொன்றுக்கும் மெழுகும் புதிது அச்சும் புதிது, உடைத்தால் முடிந்தது. 1554-ல் திறந்துவைக்கப்பட்ட பெர்சியஸ் சிலையை வார்த்தபோது உலோகம் ஓடாமல் கெட்டியாகிப்போக, வீட்டிலிருந்த வெள்ளீயக் கலவைத் தட்டுகளையெல்லாம் உலைக்குள் போட்டதாக இத்தாலியச் சிற்பி செல்லினி சொல்லியிருக்கிறார். ஊற்றுகிற அன்று கோட்டுக்கு வெளியே நிற்கும்போது அந்தப் பதற்றம் கொஞ்சம் நமக்கும் தொற்றுகிறது. 1100 டிகிரிக்கு மேல் கொதிக்கும் உலோகம் சத்தமே இல்லாமல் இறங்குகிறது, ஓட்டின் வாயிலுள்ள கிண்ணத்தின் விளிம்பு வரை வந்து நிற்கிறது, பிறகு நடுவில் லேசாகக் குழிகிறது. அவ்வளவுதான், சில நொடி. மீதி எல்லாம் அரம், சாணை, கிரைண்டர். ஓட்டை உடைத்து, மெழுகுக் குச்சிகள் இருந்த இடத்தில் இறுகிய உலோகத்தை அறுத்து, தழும்பைத் தேய்த்து மறைப்பதற்கு மெழுகில் செலவிட்டதைவிட அதிக நேரம் பிடிக்கும். நிறமேற்றுவதற்கு ஒரு மதியம்தான் கிடைத்தது: ஃபெரிக் நைட்ரேட் பழுப்புக்கு, குப்ரிக் நைட்ரேட் பச்சைக்கு, சூடாக்கித் தூரிகையால் தட்டித் தட்டி. போதவில்லை.

வெல்டிங் நான் எதிர்பாராத மகிழ்ச்சி. கம்பி தானாக வந்து உருகி ஒட்டும் மிக் (MIG) வெல்டிங்தான் சொல்லித் தருகிறார்கள், மைல்ட் ஸ்டீல் மட்டும். முதல் நாள் தட்டையான பட்டையில் கோடு போடும் பயிற்சி, இரண்டாம் நாளே கம்பிகளை இணைத்து ஏதாவது நிற்க வைத்துவிடலாம். களிமண்ணோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது பெரிய விடுதலை: காற்றில் ஒரு கோட்டை நீட்டினால் அது அப்படியே நிற்கும். ஸ்பானியச் சிற்பி ஹூலியோ கொன்சாலஸ் 1918-ல் ரெனோ தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது கற்ற வாயு வெல்டிங்கை வைத்துத்தான் பத்தாண்டு கழித்து பிக்காசோவோடு சேர்ந்து இரும்புச் சிற்பங்கள் செய்தார் என்பது எனக்கு இந்த வகுப்பில் தெரிந்தது. ஒரு தொழிற்சாலைக் கைவேலை சிற்பத்தின் போக்கையே மாற்றியிருக்கிறது.

இதில் ஆசிரியர் கறார். எல்லா இடத்திலும் முதலில் புள்ளி வைத்துப் பிடித்துவிட்டுத்தான் முழுதாக ஓட்ட வேண்டும், ஏனென்றால் ஆறும்போது இரும்பு வெல்ட் வைத்த பக்கம் இழுக்கும், நேராக வைத்த கால் கோணிக்கொள்ளும். பழைய துத்தநாகம் பூசிய குழாயைக் கொண்டு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அந்தப் புகையை இழுத்தால் மாலையில் குளிரும் காய்ச்சலும் வரும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் நிற்பவருக்கும் கண்ணில் மணல் விழுந்தது போல இரவெல்லாம் எரியும் என்பதால் திரைக்குப் பின்னால்தான் வேலை. குறை என்றால், இயந்திரங்கள் போதாது, வரிசையில் நிற்கும் நேரம் கையில் பிடிக்கும் நேரத்தைவிட அதிகம்.

மரத்துக்கு ஒரே ஒரு பயிற்சி. கொட்டாப்புளியும் வளைந்த உளியும் கொடுத்து, மரத்தின் ஓட்டத்தோடு எப்படி வெட்டுவது, ஓட்டத்துக்கு எதிராகப் போனால் எப்படிப் பிய்யும் என்று காட்டினார்கள். முழு மரத்துண்டு வெடிக்கும், அதைத் தவிர்க்கப் பலகைகளை ஒட்டிக்கொள்ளலாம் என்றதோடு சரி. ஜப்பானில் 1053-ல் ஜோச்சோ என்ற சிற்பி பெரிய அமிதா புத்தர் சிலையை உள்ளீடற்ற மரத் துண்டுகளை இணைத்துச் செய்தார், இன்றும் இருக்கிறது. அந்த ஒரு படத்தைக் காட்டியிருந்தால் ஒட்டுப்பலகை என்றாலே முகம் சுளித்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

கல். இங்கேதான் என் புகார். பருவத்தின் கடைசியில், எல்லோரும் களைத்துப்போய், முந்தைய வேலைகளை முடிக்க ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆளுக்கு ஒரு சிறு மாக்கல் துண்டைக் கையில் கொடுத்தார்கள். கடினத்தன்மையை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் மாக்கல் 1, நகத்தால் கீறலாம். அதில் அரம் போட்டுத் தேய்ப்பது கல் வேலை ஆகாது. பளிங்கு 3, கருங்கல் 6-க்கு மேல், அங்கேதான் உளியின் கோணம் ஒரு பாடமாகிறது. பளிங்கில் முனை உளியைச் செங்குத்தாக வைத்து அடித்தால் கல்லுக்குள் வெள்ளையாகக் காயம் விழும், பிறகு எவ்வளவு மெருகேற்றினாலும் அது தெரியும். சாய்த்து அடித்துச் சில்லுகளைப் பெயர்த்து, பிறகு பல் உளியால் வரி வரியாக வாரி, பிறகு தட்டை உளி, அரம், உப்புத்தாள் என்ற வரிசையை ஆசிரியர் வாயால் சொன்னார், கையால் யாருக்கும் வாய்ப்பில்லை. டேவிட் சிலைக்கு மைக்கலாஞ்சலோவுக்குக் கிடைத்தது வேறொருவர் கைவைத்துப் பல பத்தாண்டுகள் கைவிட்டுப்போன கல், 1501-ல் தொடங்கி 1504-ல் முடித்தார் என்ற கதை மட்டும் சுவாரசியமாகச் சொன்னார்கள். கதைக்குக் குறைவில்லை, கல்தான் இல்லை. மாக்கல் தூளில் சில சமயம் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் எங்கிருந்து வந்த கல் என்று கேட்டேன், பதில் தெளிவாக வரவில்லை. தண்ணீர் தெளித்துத்தான் தேய்த்தேன், நல்ல முகக்கவசம் நானே கொண்டு போனேன்.

ரெசின் வாரத்துக்கும் இதே அறிவுரை. வினையூக்கி கலந்தால் இறுகும் செயற்கைப் பிசினான பாலியஸ்டர் ரெசினின் வாடை அறைக்குள் நுழையும்போதே தலையைப் பிடிக்கும். துணி முகக்கவசமோ தூசி முகக்கவசமோ ஆவியைத் தடுக்காது, அதற்கென்று கரி வடிகட்டி வைத்தது வேண்டும். வினையூக்கி கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. காற்றோட்டம் எங்கள் ஸ்டுடியோவில் சுமார்தான், ஒரு விசிறி ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னல்களில் ஒன்று திறக்கவில்லை. இவ்வளவு பொறுத்துக்கொண்டு செய்கிற பொருள் எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்விக்கு மட்டும் வகுப்பில் நல்ல பதில் கிடைத்தது. 1970-ல் 34 வயதில் இறந்துபோன அமெரிக்கச் சிற்பி ஈவா ஹெஸ்ஸேயின் லேடக்ஸ் சிற்பங்களின் படங்களைக் காட்டினார்கள். செய்தபோது ஒளி ஊடுருவும் மென்மையான தோலாக இருந்தவை இன்று பழுப்பேறி விறைத்துப்போயிருக்கின்றன, சிலவற்றைக் காட்சிக்கே வைக்க முடியவில்லை. புதுப் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அது மூப்படைவதையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று அங்கே ஒரு விவாதம் கிளம்பியது.

விமரிசன நாள்கள் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லோர் வேலையையும் நடுவில் வைத்து, செய்தவர் வாயைத் திறக்காமல் நிற்க, மற்றவர்கள் முதலில் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும், பிடித்தது பிடிக்கவில்லை என்பதெல்லாம் பிறகு. கடினமாக இருந்தது, பயன்பட்டது. என் வார்ப்பில் இருந்த இணைப்புக் கோட்டைத் தேய்த்து மறைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், மூன்று பேர் அதைப் பார்த்துவிட்டு அந்தக் கோடுதான் முகத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வைக்கிறது என்றார்கள், விட்டுவிட்டேன். மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் நோட்டுக்கும் செய்முறைக்கும்தான், முடிந்த பொருளுக்குக் குறைவு. பாதியில் உடைந்த வேலைக்கும் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

யாருக்கு ஒத்துவரும்? முதல் நிலை முடித்தவர்களுக்கு, அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கு, வகுப்பு நேரத்துக்கு வெளியேயும் ஸ்டுடியோவுக்கு வர முடிகிறவர்களுக்கு. இந்தக் கடைசி விஷயம் முக்கியம். வாரம் இரண்டு நாள் வந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் களிமண் காத்திருக்காது, ஈரத்துணி போர்த்தி பிளாஸ்டிக் சுற்றி வைத்தாலும் நடுவில் வந்து தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும். பருவ முடிவில் வீட்டுக்குக் கொண்டுபோக அழகான பொருள் ஒன்று வேண்டும் என்று மட்டும் நினைப்பவர்களுக்கு இது சரிவராது. எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் கையில் கடைசியில் இருந்தது அச்சுகளும் சோதனைத் துண்டுகளும்தான்.

சேரும் முன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்: விடுமுறை நாளில் ஸ்டுடியோ சாவி யாரிடம், வெல்டிங் இயந்திரம் எத்தனை, வெண்கலம் ஊற்றும்போது மாணவர்களுக்கு என்ன வேலை, வார்ப்புகளை வைக்க அலமாரி உண்டா. எங்களுக்கு அலமாரி இல்லை, என் துண்டு அச்சின் ஒரு காது இன்னும் யாருடைய மூட்டையில் இருக்கிறதோ தெரியவில்லை. எண்ணெய்க் களிமண் வாங்கப் போனால் உறையில் கந்தகம் இல்லாதது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், பட்டியலை இன்னும் அவர்கள் திருத்தவில்லை.